குல்மார்க்குக்குப் போய் வாருங்கள்

கேள்வி: பிரான்சில் இருக்கும் சித்தப்பா, ஆல்ப்ஸ் மலையில் பனிச்சறுக்கு விளையாடும் படங்களை அனுப்புகிறார். நம் நாட்டில் அப்படி இடம் உண்டா?
- வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: உண்டு, காஷ்மீரின் குல்மார்க். ஆல்ப்ஸின் பனிச்சறுக்கு ஊரான வால் தொரான்ஸ் 2,300 மீட்டர் உயரம். குல்மார்க் ஏறத்தாழ 2,650. அங்குள்ள ரோப்காரை அமைத்ததும் போமகால்ஸ்கி என்ற பிரெஞ்சு நிறுவனம்தான். 1998இல் கொங்டூரி வரை ஓடியது. 2005இல் அபர்வாட் மலைக்கு நீண்டது.

ஜனவரி, பிப்ரவரியில் போங்கள். எடுத்த எடுப்பில் உச்சிக்கு ஏறிவிடாதீர்கள். கீழே, சாய்வு குறைந்த இடத்தில், பயிற்சியாளரிடம் முதலில் நிற்கப் பழகுங்கள்: சறுக்குக் கட்டைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்பக்கத்தை அகட்டினால் உள்விளிம்பு பனியில் பதிந்து வேகம் தணியும். அபர்வாட்டில் பனிச்சரிவு அபாயம் உண்மையானது; சரிவை மூடிவைத்த நாளில் யார் அழைத்தாலும் போகாதீர்கள்.