செரெங்கெட்டி செல்வார்க்குச் சில குறிப்புகள்

"சஃபாரி" என்பது கிழக்காப்பிரிக்காவில் வழங்கும் சுவாஹிலி மொழிச் சொல். அரபு மொழியடியாகப் பிறந்த அது, பயணம் என்னும் பொதுப்பொருளையே தருவது. வேட்டைத் துப்பாக்கியோடு புறப்பட்டாரது பயணத்தையே அச்சொல்லாற் சிறப்பாகக் குறித்த காலமும் ஒன்றுண்டு. இக்காலத்தோ, பலர்க்கு அது விலங்குகளைக் கண்ணாரக் கண்டு மீளும் பயணத்தின் பெயராயிற்று. அவ்வாறு செல்வார் பலரும், வண்டிக்கும் விடுதிக்கும் வேண்டிய பொருளைத் திரட்டுவதே ஏற்பாடு எனக் கருதுவர். அஃது ஏற்பாட்டிற் பாதியே. காணப்புகும் நிலத்தின் இயல்பையும் வரலாற்றையும் அறிதல் எஞ்சிய பாதியாம். டான்ஸானியா நாட்டுச் செரெங்கெட்டித் தேசியப் பூங்காவைக் கொண்டு இதனை விளக்குவாம்.

காலம் அறிதல்

செரெங்கெட்டி 1951-ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அமைக்கப்பட்டது. அதன் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். ஆங்கு வில்டபீஸ்ட் என்னும் விலங்கு இலட்சக்கணக்கில் வாழ்கின்றது. மாட்டின் தலையும் குதிரையின் வாலும் பெற்றதுபோலத் தோன்றினும், அது மானையொத்த இனத்தின்பாற் பட்டதே. வரிக்குதிரைகளும் சிறுமான்களும் உடன்வர, அம்மந்தை ஆண்டுதோறும் மழையையும் புல்லையும் தேடி வலம் வருகின்றது. ஆதலின், செல்வார் முதற்கண் வினவற்பாலது, "எந்த விடுதி?" என்பதன்று, "எத்திங்களில் மழை எப்பக்கம்?" என்பதே.

டிசம்பர் முதல் மார்ச்சு வரை மந்தை தென்கிழக்குச் சமவெளியில் தங்கும். அந்நிலம் எரிமலைச் சாம்பல் படிந்தது. ஆங்குள்ள புல் குட்டையாயினும் சுண்ணச்சத்து மிக்கதாகலின், பாலூட்டும் தாய்க்கு மிக ஏற்றது. சிங்கமும் கழுதைப்புலியும் அப்புல்லில் மறைந்து வருதலும் அரிது. பிப்ரவரியையொட்டி, ஏறக்குறைய மூன்று வாரத்திற்குள், கன்றுகளிற் பெரும்பாலான பிறந்துவிடுகின்றன. பிறந்த சில நிமிடங்களில் கன்று எழுந்து நிற்கும். யாவும் ஒருங்கே பிறத்தலால், கொல்விலங்குகள் உண்டது போக எஞ்சுவன பலவாம். மழை ஓய்ந்தபின் அச்சமவெளியில் குடிநீர் அரிதாகும். எனவே மந்தை மே, ஜூன் திங்களில் மேற்கே குருமெட்டி ஆற்றுப் பக்கத்தையும், ஜூலை முதல் அக்டோபர் வரை வடக்கே மாரா ஆற்றங்கரையையும் நாடும். நவம்பர் மழை கண்டு தெற்கே மீளும். முதலைகள் நிறைந்த மாரா ஆற்றை அது கடக்கும் காட்சியை விழைவார், அக்கரையில் மூன்று நாளேனும் தங்குவாராக. கடக்கும் நாளை முன்னறிந்து சொல்ல வல்லார் எவருமிலர்.

ஆயத்தம்

கிலிமஞ்சாரோ விமான நிலையத்தில் இறங்கி, அருஷா நகரினின்று வண்டியிற் செல்வதே பெருவழக்கு. வழியிலுள்ள இங்கோரோங்கோரோ மலைவிளிம்பு இரண்டாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட உயரமுடையது. ஆதலின் கம்பளியுடை வேண்டும். கருநிறமும் கருநீல நிறமும் செட்சே ஈயை ஈர்க்குமாகலின், மங்கிய மண்ணிற ஆடையே தக்கது. மலேரியாவுக்குரிய மருந்தை மருத்துவரைக் கேட்டுக் கொள்க. கென்யா வழியாகச் செல்வார், மஞ்சட் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று பற்றி முன்னரே விசாரித்தறிக. பிளாஸ்டிக் பைகளைக் கொண்டு செல்லற்க. 2019 ஜூன் முதல் அந்நாட்டில் அவை விலக்கப்பட்டன. பூங்காவினுள் குறித்த இடங்களிலன்றி வண்டியினின்று இறங்கலாகாது. நல்லதொரு தொலைநோக்கி உடனிருத்தல் இன்றியமையாதது.

வரலாறு அறிதல்

1890-ஐ அடுத்த ஆண்டுகளில் மாட்டு வெக்கைநோய் அந்நிலத்திற் புகுந்தது. மாசாய் மக்களின் மாடுகள் மிகப்பலவாக மடிந்தன. பஞ்சத்தால் மக்களும் மாண்டனர். அந்நோய் நீங்காது நின்று, வில்டபீஸ்ட் கன்றுகளையும் ஆண்டுதோறும் கொன்றது. பின்னர்ச் சூழவுள்ள ஊர்களின் மாடுகளுக்குத் தடுப்பூசி இடப்பட்டது. 1963-ஐ ஒட்டி வில்டபீஸ்ட் கூட்டத்தினின்றும் நோய் அகன்றது. 1961-இல் ஏறத்தாழ இரண்டரை இலட்சமாகக் கணக்கிடப்பட்ட அவை, 1977-இல் பதின்மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டன. 2011-இல் வெக்கைநோய் உலகினின்றே ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஊர்மாட்டுக்கு இட்ட ஊசியே காட்டு விலங்கையும் வாழ்வித்தது.

ஆயின், அம்மாடுகளை மேய்த்த மாசாய் மக்கள் பூங்காவினுள் வாழ இடம்பெற்றிலர். தம் பண்டை மேய்ச்சல் நிலத்தைவிட்டு 1959-இல் இங்கோரோங்கோரோப் பக்கம் குடிபெயர்ந்தனர். ஆங்கிருந்தும் அவர்களைத் தொலைவிலுள்ள ம்சோமேரா ஊருக்குப் பெயர்க்கும் முயற்சி 2022-இல் தொடங்கியது. அது கடும் எதிர்ப்புக்கு உள்ளாயிற்று. வெறுமையாய்த் தோன்றும் அச்சமவெளி ஒருகாலத்தும் ஆளற்ற நிலமாய் இருந்ததன்று.

ஆதலின், செரெங்கெட்டி செல்ல விழையும் மாணவர், நாட்காட்டியோடு மழையின் வழியையும், வழிப்படத்தோடு அம்மக்களின் வரலாற்றையும் கற்றுச் செல்க. வண்டி ஓட்டுபவர் சிங்கத்தைக் காட்டுங்கால், "இவ்விடத்து முன்னர் வாழ்ந்தார் யாவர்?" என்றும் ஒரு வினா எழுப்புக. அவ்வினாவை உடன்கொண்டு செல்லாதார், நெடுந்தூரம் சென்றும் கண்டது பாதியே ஆவர்.