செய்மதியை வெறுங்கண்ணால் காணல்

மாணவர்களே, செய்மதி என்றதும் அதன் பயன்களை மட்டும் மனனம் செய்வோர் பலர். காரணம் கேட்கும் வினாவில் அது உதவாது. பின்வருவனவற்றை விளங்கிக்கொள்ளுங்கள்.

1. தெரிவது ஏன்?
செய்மதிக்குச் சுயவொளி இல்லை. மாலையில் யாழ்ப்பாணத்தில் இருள் சூழ்ந்த பின்னரும், ஏறத்தாழ 400 கி.மீ. உயரத்தில் செல்லும் செய்மதியில் சூரிய ஒளி படும். அவ்வொளி தெறித்து எம்மை அடைகிறது. விடியற்காலையிலும் அவ்வாறே. புவியின் நிழலுள் புகுந்ததும் செய்மதி நடுவானிலேயே மறைந்துவிடும்.

2. இனங்காணல்
விட்டுவிட்டு மின்னும் விளக்குகளுடன் செல்வது விமானம். சீராக ஒளிர்ந்து சில நிமிடங்களில் வானைக் கடப்பது செய்மதி. ஏறத்தாழ 109 மீற்றர் அகலமான சர்வதேச விண்வெளி நிலையம் வெறுங்கண்ணுக்கே தெரியும். மங்கலானவற்றைப் பார்க்க இருகண் தொலைகாட்டி உதவும். அங்கிருந்து 2019 யூன் 17 இல் விடப்பட்ட, இலங்கையின் முதலாவது ஆராய்ச்சிச் செய்மதியான இராவணா-1 ஏறத்தாழ 1 கி.கி. திணிவுடையதாகவும் வெறுங்கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியதாகவும் இருந்தது.

3. பதிவு செய்தல்
திருவாதிரை போன்ற தெரிந்த விண்மீன் ஒன்றின் அருகே செய்மதி கடக்கும் நேரத்தைச் செக்கன் வரை குறியுங்கள்.

கணிப்பு: ஒழுக்கின் ஆரை 6400 + 400 = 6800 கி.மீ.
சுற்றளவு 2 × 22/7 × 6800 ≈ 42 743 கி.மீ.
ஒரு சுற்றுக்கு 93 நிமிடம், அதாவது 5580 செக்கன்.
கதி ≈ 7.7 கி.மீ./செக்கன்.

எனவே நேரத்தில் 10 செக்கன் பிழைத்தால் செய்மதியின் இடம் 77 கி.மீ. பிழைக்கும். நேரம் குறிக்காத அவதானிப்பால் ஒழுக்கைக் கணிக்க முடியாது.

மாதிரி வினா: நள்ளிரவில் விண்வெளி நிலையம் யாழ்ப்பாணத்துக்கு நேர்மேலே சென்றாலும் தெரியாதது ஏன்?
விடை: அப்போது அது புவியின் நிழலுள் இருப்பதால் அதில் சூரிய ஒளி படுவதில்லை.

குறிப்பு: "தூரம் அதிகம்" என எழுதினால் புள்ளி கிடைக்காது.