டெம்ப்ளேட்டுக்குள் சொந்தச் செயற்கூறு



டெம்ப்ளேட் என்பது ஆங்காங்கே நிரப்ப இடம் விட்டு எழுதிய உரை. பில்லிலோ மின்னஞ்சலிலோ மாறாத சொற்கள் அப்படியே நிற்க, பெயரும் தொகையும் ஒவ்வொரு முறையும் வந்து நிரம்பும். பைத்தான் மொழியில் இந்த வேலைக்குப் பரவலாகப் பயன்படும் நூலகம், ஆர்மின் ரோனாகர் உருவாக்கிய ஜின்ஜா.

ஒரு மதிப்பை உருமாற்றிக் காட்ட, மாறியின் பெயரை அடுத்துச் செங்குத்துக் கோடும் ஃபில்டரின் பெயரும் எழுதப்படும். ஜின்ஜாவில் ஃபில்டர்கள் பல உண்டு. ஆனால் 1234567 என்பதை 12,34,567 என லட்சக் கணக்கில் பிரிக்க ஒன்றும் இல்லை. பைத்தானின் காற்புள்ளி வடிவமும் 1,234,567 என்றே தரும். அதற்குச் சொந்தச் செயற்கூறு வேண்டும்.

செயற்கூறை எழுதியபின், ஜின்ஜாவின் அமைப்புகளைத் தாங்கும் என்விரான்மென்ட் பொருளில் உள்ள ஃபில்டர் அகராதியில் ஒரு பெயருக்கு நேரே அதைப் பதிய வேண்டும். பதியும்போது செயற்கூறின் பெயருக்குப் பின் அடைப்புக்குறி போடக் கூடாது; போட்டால் செயற்கூறு அங்கேயே இயங்கிவிடும், அதன் விடைதான் அகராதியில் சேரும். செயற்கூறை ஒப்படைப்பதோடு எழுதியவர் வேலை முடிகிறது, அழைப்பது நூலகம். இத்தகைய செயற்கூறே கால்பேக்.

கோட்டுக்கு இடப்புறம் உள்ள மதிப்பு முதல் உள்ளீடாகப் போகும். ஃபில்டர் பெயருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் தருபவை இரண்டாவது உள்ளீடு முதல் வரிசையாகச் சேரும். திருப்பித் தரும் மதிப்பு உரையில் இடம்பெறும். எதையும் திருப்பித் தராவிட்டால் ‘None’ என்னும் பைத்தானின் வெற்று மதிப்பு பில்லில் அச்சாகும்.

அழைப்பது நூலகம் என்பதால் மூன்று விதிகள் பிறக்கின்றன. முதல் டெம்ப்ளேட் ஏற்றப்படும் முன்பே பதிவு முடிய வேண்டும். ஃபில்டர், உள்ளீட்டை மட்டுமே நம்ப வேண்டும்: டெம்ப்ளேட்டிலேயே எழுதிய மாறாத மதிப்பின்மேல் வரும் ஃபில்டரை ஜின்ஜா தொகுக்கும்போதே இயக்கிவிடக் கூடும். கடிகாரத்தைப் பார்த்து விடை சொல்லும் ஃபில்டர் அப்போது பழைய நேரத்தையே காட்டிக்கொண்டிருக்கும். மூன்றாவது விதி பாதுகாப்பு பற்றியது: எச்டிஎம்எல் குறிகளை வெறும் எழுத்தாகவே காட்டச் செய்யும் தானியங்கி எஸ்கேப் வசதி இயல்பில் அணைந்தே இருக்கும். அதை இயக்கியபின் ஃபில்டர் எச்டிஎம்எல் குறிகளைத் தர வேண்டுமானால், பயனர் தந்த பகுதியை முதலில் எஸ்கேப் செய்து, பிறகே விடையை, மீண்டும் எஸ்கேப் செய்யத் தேவையில்லை எனக் குறிக்கும் மார்க்கப் வகையாகத் திருப்பித் தர வேண்டும். வரிசை தவறினால் அந்நிய ஸ்கிரிப்ட் பக்கத்துக்குள் நுழைய வழி திறக்கும்.