நகரங்களின் காற்றை ஒப்பிடும் மென்பொருள்: எண்ணும் பொருளும்

முன்னுரை

வீசும் திசையைக் கொண்டு காற்றுக்குப் பெயரிட்டது தமிழ். தெற்கிலிருந்து வருவது தென்றல். வடக்கிலிருந்து வருவது வாடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கோடை. இன்றோ காற்றை எண்ணால் அறியும் காலம். கைப்பேசியில் ஊர்ப்பெயரைத் தொட்ட அளவில் அவ்வூர்க் காற்றின் தரம் ஓர் எண்ணாகத் தோன்றுகிறது. தில்லிக்கு ஓர் எண். சென்னைக்கு ஓர் எண். இலண்டனுக்கு ஓர் எண். இவற்றை அருகருகே வைத்து, 'இந்நகர் நன்று, அந்நகர் தீது' என முடிவு கூறல் தகுமா? தகுமெனின் எந்நெறியில்? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

'சமீர்' என்னும் செயலி

இந்திய நகரங்களின் காற்றுத் தரத்தை அறிவிக்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் அளித்துள்ள செயலியின் பெயர் 'சமீர்' என்பதாகும். வடமொழியில் 'சமீர' என்பது காற்றைக் குறிக்கும். அரபு மொழியிலோ 'சமீர்' என்பது இரவில் உடனிருந்து உரையாடும் தோழனைக் குறிக்கும். இரு பொருளும் இச்செயலிக்குப் பொருந்துதல் கருதத்தக்கது. தோழன் கூறுவதைப் பயன்கொள்ள வேண்டுமெனில் அவன் பேசும் மொழி நமக்குப் புரிய வேண்டும். இங்கு மொழி என்பது கணக்கே.

குறியீட்டெண் அமையும் முறை

இந்தியாவின் தேசியக் காற்றுத் தரக் குறியீட்டெண் 2015 ஏப்ரலில் முறையாகத் தொடங்கிவைக்கப்பட்டது. இதில் எட்டு மாசுகள் கருதப்படுகின்றன. 10 மைக்ரானுக்கு உட்பட்ட துகள், 2.5 மைக்ரானுக்கு உட்பட்ட நுண்துகள், நைட்ரஜன் டைஆக்சைடு, கந்தக டைஆக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, காரீயம் என்பன அவை. ஒவ்வொன்றின் செறிவும் 0 முதல் 500 வரையிலான துணை எண்ணாக மாற்றப்படும். அத்துணை எண்களுள் மிகப் பெரியது எதுவோ அதுவே அவ்விடத்தின் குறியீட்டெண்.

ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். ஓரிடத்தில் நுண்துகளின் 24 மணி நேரச் சராசரி கனமீட்டருக்கு 75 மைக்ரோகிராம் எனக் கொள்வோம். இந்திய அளவுகோலில் 60 என்னும் செறிவுக்கு 100. 90 என்னும் செறிவுக்கு 200. 75 என்பது நடுவே நிற்றலின் துணை எண் ஏறத்தாழ 150 ஆகும். அங்கேயே 10 மைக்ரான் துகளின் துணை எண் 113 என வந்தால், இரண்டையும் கூட்டுவதில்லை, சராசரி காண்பதுமில்லை. 150 என்பதே முடிவு. எனவே இரு நகரங்களுக்கு ஒரே எண் வரினும், ஒன்றில் சாலைப் புழுதியும் மற்றொன்றில் ஓசோனும் காரணமாக இருத்தல் கூடும். எண் ஒன்று; நோய்முதல் வேறு.

ஒரே காற்று, இரு தீர்ப்பு

நாட்டுக்கு நாடு அளவுகோல் வேறுபடுவது இதனினும் பெரிய சிக்கலாகும். நுண்துகள் 60 மைக்ரோகிராம் என்னும் காற்றை எடுத்துக்கொள்வோம். இந்திய அளவுகோலில் அதன் எண் 100, தரம் 'திருப்திகரம்'. அமெரிக்க அளவுகோலில் அதே காற்றின் எண் ஏறத்தாழ 154, தரம் 'நலக்கேடு'. காற்று மாறவில்லை, கோல்தான் மாறியது. உலக நலவாழ்வு நிறுவனம் 2021இல் வகுத்த 24 மணி நேர வழிகாட்டு அளவோ 15 மைக்ரோகிராமே. 'திருப்திகரம்' என்ற சொல்லை நம்பி, ஈளை நோயுற்ற குழந்தையை விளையாட அனுப்பும் தாய்க்கு இவ்வேறுபாடு வெறும் கணக்கன்று.

2024 நவம்பரில் தில்லியில் மாசு மிகுந்தபோது, அரசின் எண் 500ஐ ஒட்டி நின்றது. தனியார் தளங்கள் சில 1000த்திற்கு மேற்பட்ட எண்களைக் காட்டின. ஒருசாரார் பொய் கூறினர் என்பதன்று. இந்திய அளவுகோல் 500உடன் முடிகிறது. பிற தளங்களின் கோல் அதற்கு மேலும் நீள்கிறது. சராசரி காணும் கால அளவும் வேறு.

ஒரே நாட்டிலும் கோல் மாறுவதுண்டு. அமெரிக்கா 2024இல் 'நன்று' என்பதன் மேல் வரம்பை 12 மைக்ரோகிராமிலிருந்து 9ஆகக் குறைத்தது. 10 மைக்ரோகிராம் உள்ள காற்று முன்னர் 'நன்று', பின்னர் 'மிதம்'. இதனை அறியாதார் அந்நகரின் காற்று கெட்டுவிட்டது என எண்ணக்கூடும்.

ஒப்பிடுவோர் கொள்ள வேண்டிய நெறிகள்

ஒன்று, குறியீட்டெண்ணை விடுத்துச் செறிவை ஒப்பிடுக. 2015இல் தொடங்கப்பெற்ற 'ஓப்பன் ஏ.கியூ.' என்னும் தளம், பல நாடுகளின் அளவீடுகளைத் திரட்டிச் செறிவாகவே தருவது இதனால்தான்.

இரண்டு, கால அளவை ஒப்பவைக்க. ஒரு நகரின் ஒருமணி நேர அளவையும் மற்றொரு நகரின் ஒருநாள் சராசரியையும் சேர்த்து நோக்கலாகாது. பருவமும் கருதத்தக்கது. குளிர்காலத்தில் தில்லியின் மேல் வெப்பக் காற்றடுக்கு மூடிபோல் நின்று மாசைக் கீழே தேக்கும்.

மூன்று, கருவியை அறிக. ஒளிச்சிதறலால் அளக்கும் மலிவுக் கருவிகள், ஈரப்பதம் மிகுந்தவழி உண்மையினும் கூடுதலாகக் காட்டுவதுண்டு.

நான்கு, கருவி இல்லாத ஊரை நினைக்க. பட்டியலில் பெயர் இல்லாமை தூய்மைக்குச் சான்றாகாது. அளக்கப்படாத ஊரின் மாசு, அவ்வூர் மக்களின் நுரையீரலுக்கு மட்டுமே தெரியும்.

முடிவுரை

பெய்ஜிங்கிலுள்ள அமெரிக்கத் தூதரகம் 2008இல் தன் கூரைமேல் ஒரு கருவியை நிறுவி நுண்துகள் அளவை வெளியிடத் தொடங்கியது. மக்கள் அதனை அரசின் அறிவிப்போடு ஒப்பிட்டு வினவினர். 2012இல் அந்நகரே நுண்துகள் அளவை வெளியிடத் தொடங்கியது. உலகெங்கும் தூதரகங்கள் வழங்கிவந்த அவ்வளவீட்டு வெளியீட்டை அமெரிக்கா 2025 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அளவீடு ஆட்சிக்கு வினா எழுப்பவல்லது என்பதும், அது என்றும் கிடைக்கும் எனக் கொள்ளலாகாது என்பதும் இதனால் பெறப்படும்.

மென்பொருள் எண்ணைத் தரும். பொருளை நாமே காண வேண்டும். ஊரின் பெயரைத் தொடும் மாணவர், 'எம்மாசு, எவ்வளவு, எக்காலம், எக்கோல்' என்னும் நான்கு வினாக்களையும் உடன் தொடுப்பாராயின், அவ்வொப்பீடு பயனுடைய கல்வியாகும்.