சம்மட்டி பிடித்த பெண்கள்

ஐதராபாத்தில் மாதாப்பூருக்குத் தெற்கே கோல்கொண்டா கோட்டை இருக்கிறது. அதன் பெரிய வாசல் கதவில் இரும்பு முனைகள் வரிசையாகப் பதித்திருக்கும். யானை முட்டி உடைக்காமல் இருக்க இந்த ஏற்பாடு. 1687-இல் ஔரங்கசீப்பின் படை இந்தக் கோட்டையைப் பல மாதம் முற்றுகையிட்டது.

கோட்டையை ஆண்ட ராஜாவின் பெயர் தெரியும். கதவுக்கு இரும்பு அடித்த கொல்லர் யார்? பெயர் தெரியாது. கொல்லர் வீட்டுப் பெண்ணைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

ஆனால் பட்டறை வேலை ஒரே ஆளால் ஆகாது. துருத்தி ஊத ஒருவர் வேண்டும். இரும்பைப் பிடிக்க ஒருவர், அடிக்க ஒருவர் வேண்டும்.

ராஜஸ்தானில் காடுலியா லோகார் என்ற மக்கள் இருக்கிறார்கள். காடி என்றால் வண்டி. லோகார் என்றால் கொல்லர். சித்தூர் ராஜாக்களின் படைக்கு வாளும் ஈட்டியும் செய்தவர்கள் தங்கள் முன்னோர் என்று இவர்கள் சொல்கிறார்கள். 1568-இல் அக்பர் சித்தூர்க் கோட்டையைப் பிடித்தார். கோட்டை திரும்பக் கிடைக்கும்வரை வீட்டில் குடியிருப்பதில்லை என்று முன்னோர் சபதம் செய்தார்களாம். கட்டிலில் படுப்பதில்லை என்பதும் அந்தச் சபதத்தில் உண்டு. அதனால் வண்டியே வீடானது.

இவர்களின் பட்டறையில் கணவன் தரையில் உட்கார்ந்திருப்பான். பழுத்த இரும்பை இடுக்கியால் பிடித்துத் திருப்புவான். மனைவி எதிரே நிற்பாள். கனமான சம்மட்டியைத் தலைக்கு மேல் ஓங்கி அடிப்பாள். அடி கொஞ்சம் தவறினால் கணவனின் கை நசுங்கிவிடும். உண்மையில் இரண்டு வேலைகளில் இதுதான் கடினம். ஆனால் ஊரார் கொல்லர் என்று சொல்வது கணவனைத்தான்.

வேறு நாட்டிலும் இப்படி நடந்தது. 1346-இல் இங்கிலாந்து ராஜா பிரான்சு மீது போர் தொடுத்தார். லண்டன் கோட்டையில் ராஜாவுக்கு ஒரு பட்டறை இருந்தது. அதன் கொல்லர் ஆண்ட்ரூவும் போருக்குப் போனார். அப்போது பட்டறையை நடத்தியவர் அவருடைய தாய் காத்தரின். அவருக்கு நாளுக்கு 8 பென்ஸ் கூலி. அரண்மனைக் கணக்கில் அந்தக் கூலியை எழுதி வைத்தார்கள். அதனால்தான் அந்த அம்மாவின் பெயர் இன்றும் தெரிகிறது. சித்தூர்ப் பெண்கள் செய்தது குடும்ப வேலை. அதற்கு யார் கணக்கு எழுதுவார்கள்?

1955 ஏப்ரலில் பிரதமர் நேரு காடுலியா லோகார்களைச் சித்தூர்க் கோட்டைக்குள் அழைத்துச் சென்றார். சபதம் தீர்ந்தது. ஆனால் நிலமும் வீடும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை. இன்றும் பல குடும்பங்கள் சாலை ஓரத்தில் வாழ்கின்றன. கரண்டி, அரிவாள், கோடாலி அடித்து விற்கிறார்கள். சம்மட்டி இன்னும் பெண்களின் கையில்தான் இருக்கிறது.