ஒரே மாத்திரை, இருவேறு பலன்

களைப்பு நீங்க இருவர் ஒரே வைட்டமின் மாத்திரையை உட்கொள்கின்றனர். ஒருவருக்குத் தெம்பு திரும்புகிறது. மற்றவருக்கு மாற்றமே இல்லை. ஏன்? பி12 வைட்டமினை எடுத்துக்காட்டாகக் கொண்டு விடை காண்போம்.

பி12 செல்லும் வழி

ரத்தச் சிவப்பணுக்கள் உருவாக பி12 தேவை. அது குறைந்தால் ரத்தசோகை உண்டாகும். திசுக்களுக்குப் போதிய ஆக்சிஜன் கிடைக்காமல் உடல் சோர்வடையும். வயது வந்தவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2 மைக்ரோகிராம் போதும். பால், தயிர், முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றில் இது உண்டு.

இரைப்பைச் சுவர் சுரக்கும் ஒரு புரதம் பி12-உடன் இணைகிறது. அந்த இணைப்பைச் சிறுகுடலின் கடைப்பகுதி உறிஞ்சிக்கொள்கிறது. புரதம் சுரக்காதவருக்கு இவ்வழி அடைபடும். ஆனால் 1000 மைக்ரோகிராம் மாத்திரை தந்தால், புரதத்தின் துணையின்றியே சுமார் 1 விழுக்காடு உட்புகும். அதுவே 10 மைக்ரோகிராம் அல்லவா!

பாக்டீரியாவின் பங்கு

இயற்கையில் பி12-ஐ ஆக்குபவை நுண்ணுயிர்களே. நம் பெருங்குடல் பாக்டீரியாவும் அதை ஆக்குகின்றன, ஆனால் பயனில்லை. உறிஞ்சும் இடம் அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. எங்கள் பொத்தேரியில் ஓர் ஏரி உண்டு. கரைக்குக் கீழே தாழ்நிலத்தில் பெய்யும் மழை அந்த ஏரியை நிரப்புமா?

சிறுகுடலிலேயே பி12 உருவானால்? 1980-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஆல்பர்ட், மாத்தன், பேக்கர் ஆகியோர் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தென்னிந்தியர் சிறுகுடலில் பாக்டீரியா மிகுதி என்றும், அங்குள்ள சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா வகைகள் பி12-ஐ ஆக்கக்கூடும் என்றும் அதில் காட்டினர். இது ஏரிக்கு மேற்புறம் பெய்யும் மழை.

மறுபக்கமும் உண்டு. சிறுகுடலில் சில பாக்டீரியா அளவுமீறிப் பெருகினால், உணவில் வரும் பி12-ஐ அவையே கவர்ந்துகொள்ளும். இதை அறிய இயற்பியல் உதவியது. பி12 மூலக்கூறின் நடுவே ஒரு கோபால்ட் அணு உள்ளது. கதிரியக்கக் கோபால்ட் கொண்ட பி12-ஐ விழுங்கச் செய்து, சிறுநீரில் வெளிவரும் கதிரியக்கத்தை அளந்தனர். 1953-இல் ஷில்லிங் வகுத்த இச்சோதனை இன்று வழக்கில் இல்லை எனலாம். சில நோயாளிகளுக்குப் பி12 மிகக் குறைவாகவே உறிஞ்சப்பட்டது; நுண்ணுயிர்க் கொல்லி மருந்து தந்தபின் அது சீரடைந்தது. கள்வர் யார் என்பது புலனாயிற்று!

மாத்திரைக்கு முன் சோதனை

பி12 குறைவில்லாதவரின் களைப்பு பி12 மாத்திரையால் தீராது. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு, உறக்கமின்மை போன்றவையும் களைப்பைத் தரும். பி12 குறைந்தவர் அதை அறியாமல் ஃபோலிக் அமிலம் மட்டும் உண்டால் ஆபத்து: ரத்தசோகை சீரானதுபோல் தோன்றும், நரம்புகளின் சிதைவோ தொடரும். ஆகவே களைப்பு நீடித்தால் மருத்துவரைக் கண்டு ரத்தச் சோதனை செய்வதே முறை.

சிந்திக்க: இரைப்பை முழுவதும் அகற்றப்பட்டவருக்கு பி12-ஐ ஊசி மூலம் செலுத்துவது ஏன்?