வாசற்கோலத்தில் ஒரு கணக்குப் பாடம்

ஊர் ஆரணி என்று சொன்னால், பயிற்சி வகுப்புகளில் பக்கத்து இருக்கை ஆசிரியர் உடனே பட்டுப்புடவை விலை கேட்பார். அது திருவண்ணாமலை மாவட்டத்து ஆரணி. எங்களுடையது திருவள்ளூர் மாவட்டத்தில், பெரியபாளையத்துக்கு அருகே ஆரணி ஆற்றங்கரையில் இருக்கும் சிறிய ஊர். இங்கிருந்து இருசக்கர வாகனத்தில் கும்மிடிப்பூண்டிப் பக்கம் உள்ள ஓர் அரசுப் பள்ளிக்குச் சென்று கணக்குப் பாடம் நடத்துகிறேன். மாணவர்களின் பெற்றோரில் பெரும்பாலோர் தொழிற்பேட்டையில் ஒப்பந்தக் கூலிகள். மற்றவர்கள் வயல்வேலை, கட்டட வேலை பார்ப்பவர்கள்.

2020 மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது பள்ளிகள் மூடி ஒரு வாரம் ஆகியிருந்தது. முதல் பத்து நாள் விடுமுறை போலத்தான் போனது. அதன் பிறகு கை பரபரத்தது. இருபது ஆண்டுகளாகச் சுண்ணக்கட்டி பிடித்த கை அல்லவா! ஒருநாள் அதிகாலையில் வாசலில் அம்மா கோலம் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "சும்மா நிக்கிறதுக்கு ஒரு வரிசை புள்ளியாவது வையேன்டா" என்றார். அப்படித்தான் தொடங்கியது. எதிர்வீட்டுப் பெரியவர் மாடியிலிருந்து, "வாத்தியாரே, வீட்ல பொம்பளைங்க இல்லியா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. நானும் அதுவரை அப்படி நினைத்தவன்தான்.

கணக்கு வாத்தியாருக்குக் கோலம் எளிது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மாவு விரலிடுக்கில் ஒரே சீராக இறங்காது. என் கோடு பாம்பு போல ஓரிடத்தில் பருத்து ஓரிடத்தில் மெலிந்தது. ஒரு வாரம் கழித்துத் தாளுக்கு மாறினேன். மகளின் பழைய நோட்டுப் புத்தகத்தில், அம்மா சொல்லச் சொல்லப் புள்ளி வைத்து வரைந்தேன்.

'ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் முடியும்' என்றால் வரிசைகள் 1, 3, 5, 7, 5, 3, 1. மொத்தம் 25. இதைச் சாய்வாகப் பாருங்கள். ஒரு 4×4 சதுரம் தெரியும், அதன் இடைவெளிகளில் ஒரு 3×3 சதுரம் தெரியும். 16 கூட்டல் 9. ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் வர்க்க எண் கிடைக்கும் என்பதைக் கரும்பலகையில் எத்தனை ஆண்டுகள் எழுதிப்போட்டிருப்பேன்! இடைப்புள்ளியில் ஏழு வைத்து நான்கில் நிறுத்தினால் 4, 5, 6, 7, 6, 5, 4. ஆக 37. ஐந்து வைத்து மூன்றில் நிறுத்தினால் 19, மூன்று வைத்து இரண்டில் நிறுத்தினால் 7. இந்த எண்களுக்கிடையே உள்ள வித்தியாசம் 12, 18 என்று ஏறுவதை ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள்.

உண்மையில் என்னை உட்காரவைத்தது சிக்குக் கோலம். மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்து, கையெடுக்காமல் ஒரே இழையில் முடிக்கப் பார்த்துக்கொண்டிருந்தேன். முடியவில்லை. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "மூணும் மூணும்னா பிரிஞ்சிதான் போவும். ஒரே இழை வேணும்னா ஒரு பக்கம் ஒண்ணு கூட்டி வை" என்றார். மூன்றுக்கு நான்கு வைத்தேன். ஒரே கோட்டில் முடிந்தது. நான்குக்கு ஐந்தும் அப்படியே. நான்குக்கு ஆறு வைத்தபோது இரண்டு கோடு வந்தது. ஆறுக்கு ஒன்பது வைத்தால் மூன்று. நோட்டு பாதி தீர்ந்த பிறகுதான் புரிந்தது: வரிசை எண்ணிக்கைக்கும் நிரல் எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணி எதுவோ, அத்தனை கோடுகள். அடுத்தடுத்த இரண்டு எண்களுக்குப் பொதுக் காரணி ஒன்றுதானே. அம்மாவின் 'ஒண்ணு கூட்டி வை' அதுதான். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர்.

வகுப்பில் செய்து பார்க்க விரும்புவோருக்கு ஒரு நிபந்தனை. செவ்வகமாகப் புள்ளி வைக்க வேண்டும். மேல் கீழாகவோ பக்கவாட்டிலோ அடுத்தடுத்துள்ள இரு புள்ளிகளுக்கு நடுவே ஒவ்வோர் இடத்திலும் கோடுகள் குறுக்கே வெட்டிக்கொள்ள வேண்டும். ஓரத்துக்கு வந்தால் ஓரப்புள்ளியைச் சுற்றித் திரும்ப வேண்டும். ஓரிடத்தில் வெட்டாமல் வளைத்துவிட்டாலும் கணக்கு மாறிவிடக்கூடும். ஒரு கோட்டை முடித்த பிறகு அடுத்ததற்கு வேறு நிறப் பென்சிலை எடுக்கச் சொன்னால் எண்ணுவது எளிது.

இது ஏதோ நான் கண்டுபிடித்த புதுமை என்று எண்ணிவிட வேண்டாம். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலங்களைக் கணினி அறிவியலின் இலக்கண விதிகளால் உருவாக்க முடியும் என்று 1974-இலேயே ஆய்வுக்கட்டுரை எழுதியிருக்கிறார்கள். எங்கள் மாவட்டத்திலிருந்து ரயிலேறிப் போகும் தூரத்தில் நடந்த ஆய்வு. பி.எட். முடித்துப் பல ஆண்டுகள் ஆகியும் எனக்கு இது தெரியாமல் இருந்தது.

அந்த நாட்களில் உலகமே வீட்டுக்குள் இருந்து எதையோ வரைந்துகொண்டிருந்தது. நெதர்லாந்தில் ஓர் இன்ஸ்டாகிராம் பக்கம், புகழ்பெற்ற ஓவியங்களை வீட்டுப் பொருள்களைக் கொண்டே நடித்துக் காட்டும் விளையாட்டைத் தொடங்கியது. லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி அருங்காட்சியகம் அதை எடுத்துக்கொண்டு உலகெங்கும் பரப்பியது. துண்டைத் தலையில் கட்டி, முத்துத்தோடு அணிந்த பெண் ஓவியமாக நின்றவர்கள் பலர். இதை வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் சொன்னேன். ஒரு மாணவி தன் தாத்தாவை உட்காரவைத்து வேணுகோபால் சர்மா வரைந்த திருவள்ளுவராக்கிவிட்டாள். வேட்டி, தென்னங்கீற்றுத் துண்டு, எழுத்தாணிக்குப் பென்சில். தாடி தாத்தாவுடையதே. ஊரடங்கில் முடிதிருத்தகம் இல்லாததால் நன்றாக வளர்ந்திருந்தது.

ஆனால் அந்தக் குழுவில் பாதிப் பேர்தான் இருந்தார்கள். மீதிப் பேரின் வீட்டில் தொடுதிரைக் கைப்பேசி இல்லை, அல்லது அது அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி பார்க்கச் சொல்லலாம். பார்த்தார்களா என்று யார் கேட்பது? குழுவில் இல்லாதவர்களில் ஒருவனைப் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

2020 ஜனவரியில், ஏழாம் வகுப்பில், அவன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் லாரி வரைந்துகொண்டிருந்ததைப் பிடித்தேன். பதினான்கு சக்கர லாரி. சக்கரங்களின் இடைவெளிகூட அளந்ததுபோல் இருந்தது. அதை அப்போது பார்க்கத் தோன்றவில்லை. வகுப்பின் முன் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். அதுமட்டுமல்ல, வாரத்தில் அந்த வகுப்புக்கு இருந்த ஓவியப் பாடவேளையைக் 'கணக்கு முடியவில்லை' என்று வாங்கிக்கொண்டவனும் நான்தான். வாங்கியதைத் திருப்பிக் கொடுத்ததில்லை.

ஆகஸ்டில் பாடநூல்கள் கொடுக்கப் பெற்றோரை வரச்சொன்னோம். அவன் அம்மா வந்தார். பையன் நெடுஞ்சாலையோரம் மாமாவின் பஞ்சர் கடையில் இருப்பதாகச் சொன்னார். "இனிமே வருவானான்னு தெரியல சார்" என்றார். என் கையில் புள்ளி வைத்த தாள்கள் இருந்தன. ஒன்றைக் கொடுத்து, "நீங்க இதுல ஒரு சிக்குக் கோலம் போடுங்கம்மா. எத்தனை கோடு வருதுன்னு அவனை எண்ணச் சொல்லுங்க" என்றேன். "எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே." "கோலம் தெரியுமில்ல?" சிரித்துவிட்டார். "அது தெரியும்."

பத்து நாள் கழித்து தாள் திரும்பி வந்தது. நான்குக்கு ஆறு, அம்மாவின் கோலம், இரண்டு நிறங்களில். ஓரத்தில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் அடையாளம். பின்பக்கத்தில் அவனே ஆறுக்கு ஒன்பதும் ஐந்துக்கு ஏழும் போட்டிருந்தான். கீழே ஒரு வரி: 'சார், 5க்கு 7 ஏன் ஒரே கோடா வருது?' அந்த ஆண்டு எனக்கு வந்த ஒரே கணக்குச் சந்தேகம் அது. அன்று மாலையே பஞ்சர் கடைக்குப் போனேன். முகக்கவசத்தோடு, ஒரு லாரி டயரின் மேல் தாளை வைத்துப் பேசினோம். பிறகு அவ்வப்போது தாள்கள் போவதும் வருவதுமாக இருந்தன.

2021 செப்டம்பர் 1 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளி திறந்தது. அவன் வரவில்லை. மூன்றாவது வாரத்தில் வந்தான். கோலம்தான் அவனைக் கொண்டுவந்தது என்று சொல்லமாட்டேன். அவன் அம்மா மாமாவிடம் போட்ட சண்டைக்கே அதில் பெரும்பங்கு. அதே குழுவில் அவனைவிட அழகாக வரைந்து அனுப்பிய இன்னொருவன் திரும்பவேயில்லை. காலையில் நான் பள்ளிக்குப் போகும்போது, கம்பெனிப் பேருந்துக்காக நிற்கும் கூட்டத்தில் அவனைப் பார்ப்பதுண்டு. கையை உயர்த்துவான். நானும் உயர்த்துவேன்.

செய்து பார்க்கும் ஆசிரியர்களுக்கு என் அனுபவத்திலிருந்து சில. போட்டி வைக்காதீர்கள், மதிப்பெண் போடாதீர்கள். பரிசு என்றதும் வரைவது அக்காவாகிவிடும். மாணவர்களைத் தனியே பிரித்து 'நீங்கள் வேறு வரையுங்கள்' என்றும் சொல்ல வேண்டாம். எல்லா வீட்டு வாசலிலும் கோலம் இருக்காது. அதனால் நான் 'புள்ளிப் படம்' என்றே சொல்கிறேன். என் இசுலாமிய மாணவி ஒருத்தி பாட்டியின் பூத்தையல் வடிவத்தைப் புள்ளிகளில் கொண்டுவந்தாள். தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கு 1, 3, 5, 3, 1 என்று 13 புள்ளி போதும். பாதி வரைந்து கொடுத்து, மறுபாதியைச் சமச்சீராக முடிக்கச் சொல்லலாம்.

வண்ணத்துக்குக் காசு வேண்டாம். கரி, செம்மண், மஞ்சள், கொஞ்சம் வேப்பம்பிசின் போதும். மஞ்சள் குழைவில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். சங்குப்பூச் சாற்றில் எலுமிச்சை விட்டால் இளஞ்சிவப்பாகும். அமிலம், காரம் நடத்தும் அறிவியல் ஆசிரியர் பக்கத்து வகுப்பிலிருந்து வந்துவிடுவார். மஞ்சள் வெயிலில் வெளுத்துப்போகும் என்பதை முன்பே சொல்லிவிடுங்கள். சுவரில் ஒட்டிய படம் வெளிறியதற்கு ஒரு குழந்தை அழுதேவிட்டது.

ஓவியப் பாடவேளையை இப்போது நான் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமைக் கடைசிக் கணக்கு வேளையில் ஆறாம் வகுப்பை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போகிறேன். சென்ற மாதம் அந்தப் பையனின் அம்மாவையே வரச் சொன்னோம். தயங்கித் தயங்கி வந்தவர், மாவை எடுத்ததும் நிமிர்ந்துவிட்டார். ஐந்துக்கு ஐந்து போட்டார். பிள்ளைகள் சுற்றி நின்று கோடுகளை எண்ணினார்கள். ஐந்து. அப்போது ஒரு சிறுமி கேட்டாள்: "நடுப்புள்ளியை அழிச்சிட்டா எத்தனை கோடு வரும்?"

அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். இருவரும் உட்கார்ந்து புள்ளி வைக்கத் தொடங்கினோம்.